அடியில் காங்சி என்று எழுதியிருக்கும் நீல வெள்ளை ஜாடி உண்மையிலேயே பழைய சீனப் பீங்கான்தானா?

கேட்டவர் தம் மாமனார் வீட்டுப் பரணில் கிடைத்த ஜாடியின் படத்தைப் போட்டிருக்கிறார். நீலப் பின்னணியில் பனிக்கட்டி விரிசல், அதன்மேல் வெள்ளைப் பிளம் பூக்கள், உருண்டை வயிறு. அடியில் இரட்டை வட்டத்துக்குள் நான்கு சீன எழுத்துகள். யாரோ படித்துச் சொன்னார்களாம்: 'காங்சி ஆண்டுகளில் செய்தது'. காங்சி பேரரசர் ஆண்டது 1662 முதல் 1722 வரை. அப்படியானால் முந்நூறு ஆண்டுப் பழைய பொருள்தானே என்பது கேள்வி.

அந்த எழுத்துகளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கடைசியாகப் பார்க்க வேண்டியதை நீங்கள் முதலில் பார்த்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஹாங்காங்கில் தணிக்கை வேலையில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலிவுட் சாலையின் பழம்பொருள் கடைகளைச் சுற்றுவேன். ஒரு கடையில், 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியான்லோங் பேரரசரின் முத்திரை போட்ட கிண்ணம் ஒன்றை மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். முத்திரையைப் புத்தகத்தில் இருந்த படத்தோடு ஒப்பிட்டு, ஒரு கோடு பிசகவில்லை என்று குதித்தேன். ஆறு மாதம் கழித்து, விஷயம் தெரிந்த முதியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பூவையும் பார்க்கவில்லை, முத்திரையையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடிவட்டத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பள்ளிக்கூடக் கட்டணம் எவ்வளவு கட்டினாய்?" என்றார். ஏமாந்து கொடுத்த பணத்துக்குச் சீனச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

முத்திரையை ஏன் நம்பக் கூடாது? முன்னோர் காலத்து முத்திரையைப் போடுவது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். காங்சி காலத்துக் குயவர்களே இருநூறு ஆண்டுக்கு முந்தைய செங்ஹுவா பேரரசரின் பெயரை எழுதிவைத்தார்கள். அது எப்போதும் மோசடி அல்ல. பழைய வேலைப்பாட்டுக்குச் செய்த மரியாதையாகவும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1677இல், சீனப் பீங்கான் தொழிலின் மையமான ஜிங்தேசென் நகரின் உள்ளூர் அதிகாரி, பேரரசரின் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று தடை போட்டார். ஆகவே அசல் காங்சி ஜாடிகள் பலவற்றில் அவர் பெயரே கிடையாது. வெறும் இரட்டை வட்டமோ, ஓர் இலையோ இருக்கும். அவர் பெயரை நான்கு எழுத்தில் தாங்கிய பிளம் பூ ஜாடிகளோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏற்றுமதிக்காக ஏராளமாகச் செய்யப்பட்டன. ஆங்கிலத்தில் 'சைனா' என்று எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் உறுதியாகப் பேசலாம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் வந்தபின், அதாவது 1891க்குப் பின் செய்தது. அந்தச் சொல் இல்லை என்பதால் பழையது என்று ஆகிவிடாது.

இப்போது அடிவட்டத்துக்கு வருவோம். பாத்திரம் சூளைக்குள் எதன்மேலாவது நிற்க வேண்டும் அல்லவா? நிற்கும் வளையத்தில் கண்ணாடிப் பூச்சு இருந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால் அதை வழித்துவிடுவார்கள். பாத்திரம் முழுவதிலும் மண் உடை இல்லாமல் தெரியும் இடம் அது ஒன்றுதான். காங்சி காலத்து நல்ல மண் மிக நெருக்கமானது. பசையரிசி மாவு போல என்று சீனர்கள் சொல்வார்கள். நமக்குக் கொழுக்கட்டையின் மேல்மாவு என்றால் புரியும். 18ஆம் நூற்றாண்டு அரச சூளைப் பாத்திரங்களில் இந்த வளையத்தை உருட்டி மழித்திருப்பார்கள். அவர்கள் அதற்குச் சொல்லும் உவமை அயிரை மீனின் முதுகு. விரல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். என் கிண்ணத்திலோ அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மரவிளிம்பு மாதிரி இருந்தது. எங்கும் ஒரே சீர், ஒரே சொரசொரப்பு. பழைய பாத்திரம் நூறு மேசைகளில் இழுபட்டு ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் தேய்ந்திருக்கும். அழுக்கு மேலே பூசியதுபோல் இல்லாமல் மண்ணின் நுண்துளைக்குள் இறங்கியிருக்கும்.

சில பழைய பாத்திரங்களில் பூச்சு முடியும் எல்லையில் இளஞ்செம்மஞ்சள் கீற்று ஒன்று தெரியும். மண்ணிலுள்ள இரும்பு சூட்டில் நிறம் மாறியதால் வருவது. அசலில் அது கரைந்து மறையும். போலியில் தூரிகையால் தடவியிருப்பார்கள், பட்டை போல எல்லைக்கோடு தெரியும்.

அடுத்தது பளபளப்பு. புதுப் பீங்கானின் கூச்சமூட்டும் மினுக்கத்துக்குச் சீனத்தில் 'திருட்டு வெளிச்சம்' என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல். அந்தத் திருட்டு வெளிச்சத்தைக் கொல்லத்தான் போலி செய்பவர்கள் அமிலத்தில் தோய்க்கிறார்கள், தேயிலைச் சாயம் ஏற்றுகிறார்கள், சேற்றில் புதைக்கிறார்கள். இருபது மடங்கு உருப்பெருக்கி ஒன்று வாங்கிப் பாருங்கள்: அமிலம் பட்ட மேற்பரப்பு முழுக்க ஒரே மாதிரி அரித்திருக்கும். இயல்பான கீறல்கள் கண்டபடி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். செயற்கைக் கீறல்கள் ஒரே திசையில் வரிசை கட்டும்.

இதெல்லாம் இன்றைய கலை என்று நினைக்க வேண்டாம். தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சு ஜேசுட் பாதிரியார் 1712இல் ஜிங்தேசென் பீங்கான் தொழிலைப் பற்றி ஊருக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சொல்கிறார். புதுப் பாத்திரத்தைக் கொழுப்பு மிதக்கும் இறைச்சிச் சாற்றில் வேகவைத்து, இருப்பதிலேயே மோசமான சாக்கடையில் ஒரு மாதமோ அதற்கு மேலோ போட்டுவைத்தால் முந்நூறு நானூறு ஆண்டுப் பழையதாகிவிடுமாம். ஆக, முந்நூறு ஆண்டுப் பழைய போலியும் உண்டு. அதற்கு இன்று என்ன விலை என்று யோசித்தால் தலை சுற்றும்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தீர்ந்துவிடாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். அடியில் சிறு துளையிட்டு மாதிரி எடுத்து, மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று வெப்ப ஒளிர்வு முறையில் கணிக்கலாம். ஆனால் உடைந்த பழைய பாத்திரத்தின் அசல் அடியைப் புது உடம்பில் ஒட்டி, பூச்சுப் பூசி மறைத்துவிடும் கைகாரர்கள் இருக்கிறார்கள். அடியில் துளையிட்டால் சோதனை உண்மையைத்தான் சொல்லும், அந்த அடியைப் பற்றிய உண்மையை! நிபுணர்களின் கண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 2022இல் பிரான்சில் ஏலத்துக்கு வந்த டிராகன் பூச்சாடி ஒன்றை 20ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று நிபுணர் 2,000 யூரோ மதிப்பிட, அது 77 லட்சம் யூரோவுக்குப் போனது. அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கையைப் பழக்க நான் கண்ட ஒரே வழி, மலிவான அசலைத் தொட்டுப் பார்ப்பது. 1822இல் மூழ்கிய 'தேக் சிங்' என்ற சீனக் கப்பலிலிருந்து மூன்றரை லட்சம் பீங்கான் பொருள்களை மேலே எடுத்து, 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஏலம் விட்டார்கள். அவற்றில் சாதாரணத் தட்டு ஒன்றை வாங்கினேன், கிண்ணத்துக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசுக்கு. பிறகு ஜிங்தேசென் போனபோது, திங்கட்கிழமை விடியற்காலையில் டார்ச் வெளிச்சத்தில் நடக்கும் சந்தையில் உடைந்த ஓடுகள் ஒரு பை நிறைய வாங்கினேன். உடைந்த விளிம்பில் மண்ணும் பூச்சும் அடுக்கடுக்காகத் தெரியும். முழுப் பாத்திரம் அதைக் காட்டாது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுத் துண்டையும் என் கிண்ணத்தையும் மாறி மாறித் தடவிய அன்றுதான் அந்த முதியவரின் கட்டைவிரல் என்ன படித்தது என்று விளங்கியது. ஓடுகளிலும் புதியவை கலந்திருந்தன என்பது தனிக்கதை.

உங்கள் ஜாடிக்கு வருகிறேன். பிளம் பூ, பனிவிரிசல், நான்கு எழுத்துக் காங்சி: இந்தக் கூட்டணி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ அதற்குப் பிந்திய காலத்தையோதான் நினைவூட்டுகிறது. 1890 வாக்கிலானது என்றால் அதுவும் நல்ல பழம்பொருளே, கோடிகள் வராது, அவ்வளவுதான். உறுதியாகச் சொல்ல வேறு படம் தேவை. முத்திரைக்கு நேராக எடுக்காமல், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஜாடியைச் சாய்த்து, அடிவட்டம் மட்டும் தெரிய எடுத்துப் போடுங்கள். அதுவரை வீட்டில் யாராவது புளி போட்டுத் துலக்கித் தருகிறேன் என்று வந்தால் விடாதீர்கள். அந்த வளையத்தில் படிந்திருக்கும் அழுக்கைத்தான் நான் பார்க்க வேண்டும்.