மீதி டேப்

வணக்கங்க அண்ணா,

பெருந்துறைப் பக்கம் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பேவ்மென்ட் என்ற அமெரிக்க இசைக்குழுவைப் பற்றி நீங்கள் எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு கேட்க ஆரம்பித்து, இப்போது ஹாஸ்டலில் எங்கள் அறையில் நான்கு பேருக்கும் அந்தப் பைத்தியம். எந்த ஆல்பம் சிறந்தது என்று தினமும் சண்டை. ஒருவனுக்கு ஸ்லான்டட் அண்ட் என்சான்டட், ஒருவனுக்கு குரூக்கட் ரெய்ன், எனக்கு வவ்வீ ஸவ்வீ. நான்காமவன் டெரர் ட்வைலைட் என்கிறான், வேண்டுமென்றே சொல்கிறான் என்று நினைக்கிறேன். கடைசியில் எக்செல்லில் அட்டவணை போட்டு, ஐந்து ஆல்பத்திலும் ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு மார்க் போட்டு சராசரி எடுத்தோம். குரூக்கட் ரெய்ன் 8.1. வவ்வீ ஸவ்வீ 6.7, கடைசி இடம். போதாததற்கு, எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ் என்று சொன்னதற்கு, "அது ரீல்ஸ் பாட்டுடா, ஆல்பத்துலயே இல்ல" என்று இன்றுவரை ஓட்டுகிறார்கள்.

உங்களுக்குப் பிடித்த ஆல்பம் எது? இப்படி மார்க் போடுவது சரியா? தமிழில் இந்த மாதிரி, பெரிய கம்பெனிகளைச் சாராத இண்டி இசை ஏன் வரவில்லை? எங்கள் பெரியப்பா "புரியாத பாட்டக் கேட்டு என்னத்தக் கண்ட" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் அண்ணா. மற்ற மூவரும் உங்களைப் படிக்கிறார்கள்.)

அன்புள்ள தம்பி,

பெரியப்பாவை முதலில் முடித்துவிடலாம். அவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். பேவ்மென்ட் பாடகர் ஸ்டீபன் மால்க்மஸ் எழுதும் வரிகள் கலிஃபோர்னியாக்காரனுக்கே பாதி புரியாது. பெரியப்பா உண்மையைத்தான் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். தமிழில் இண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது, நீங்கள் தேடவில்லை. டெரர் ட்வைலைட் என்று சொன்ன பையனுக்கு என் வணக்கம். ஸ்லான்டட் என்று சொன்னவரிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: அதில் டிரம்ஸ் வாசித்த கேரி யங் யார் என்று அவருக்குத் தெரியுமா? மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரில் அவர் வீட்டில் வைத்திருந்த ஸ்டுடியோவில்தான் அந்த ஆல்பம் பதிவானது. கச்சேரிக்கு வருகிறவர்களுக்கு வாசலில் நின்று முட்டைக்கோஸ் கொடுப்பாராம். மேடையில் தலைகீழாக நிற்பாராம். 2023-இல் இறந்துவிட்டார். ஸ்டாக்டன் ஒன்றும் நியூயார்க் இல்லை தம்பி, வாய்க்கால் பாசனமும் தோட்டமும் உள்ள பள்ளத்தாக்கு ஊர். கீழ்பவானி வாய்க்கால் ஓரத்து ஊர்க்காரனுக்கு அங்கே போனால் பெரிய திகைப்பு இருக்காது. முட்டைக்கோஸ் என்றதும் எனக்கு மேட்டுப்பாளையம் மண்டிதான் ஞாபகம் வந்தது.

சரி, அட்டவணை.

அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளை பிராய்லர் பள்ளி என்று சொல்வார்களே, நீங்கள் நான்கு பேரும் அந்த மாதிரி எங்காவது இரண்டு வருடம் அடைந்து கிடந்துவிட்டு வந்தீர்களா? பாட்டைக் கேட்கத்தானே அறைக் கதவைச் சாத்தினீர்கள்? அப்புறம் எதற்கு அங்கேயும் விடைத்தாள் கட்டு?

குரூக்கட் ரெய்னில் 12 பாட்டு. எட்டாவதாக வருவது ஃபைவ் மைனஸ் ஃபோர் ஈக்வல்ஸ் யூனிட்டி. சொல்லே கிடையாது, இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், ஐந்தைந்தாக எண்ணிப்போகிற ஒரு நொண்டி நடை. அதற்கு நீங்கள் என்ன போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று. பெரிய மனதுக்காரன் ஒருவன் நான்கு போட்டிருப்பான். அதற்கு முந்தைய பாட்டு கோல்ட் சவுண்ட்ஸ். 2010-இல் பிட்ச்ஃபோர்க் பத்திரிகை தொண்ணூறுகளின் முதல் பாட்டு என்று தேர்ந்தெடுத்தது, உங்கள் அறையில் அதற்குப் பத்துக்குக் குறைந்து விழுந்திருக்காது. அந்த எட்டாவது பாட்டுக்கு அடுத்து வருவது ரேஞ்ச் லைஃப், அதற்கு ஒன்பதரை. இப்போது அந்த மூன்று மார்க் பாட்டை எடுத்துவிட்டு இரண்டையும் ஒட்டிக் கேட்டுப் பாருங்கள். இன்று ராத்திரியே கேளுங்கள். ரேஞ்ச் லைஃப் தொடங்கும்போது கிடைக்கிற அந்த ஆசுவாசம், வெயிலில் நடந்துவந்து திண்ணையில் உட்காருகிற மாதிரி இருக்குமே, அது இருக்காது. வெயில் அந்த மூன்று மார்க் பாட்டில் இருந்தது. ரேஞ்ச் லைஃபுக்குப் போட்ட ஒன்பதரையில் இரண்டு மார்க்காவது அதற்குச் சேர வேண்டியது. எக்செல்லில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? கல்யாணப் பந்தியில் ஒப்புட்டுக்குப் பத்து, ரசத்துக்கு நான்கு என்று போட்டு, அடுத்த கல்யாணத்தில் இலை முழுக்க ஒப்புட்டே வைத்தால் எத்தனை பேர் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள்?

வவ்வீ ஸவ்வீயில் 18 பாட்டு. அதில் ஐந்தாறு, கைக்கு வந்ததைக் கிறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். சராசரி எடுத்தால் அது கடைசியில்தான் வரும், அது கணக்கின் குணம். 1995-இல் எல்.பி.யாக வந்தபோது இரண்டு தட்டு, மூன்று பக்கத்தில் பாட்டு, நான்காம் பக்கம் வெறும் பக்கம். அந்த நான்காம் பக்கத்துக்கு எத்தனை மார்க் போட்டீர்கள் தம்பி? இத்தனைக்கும் உங்களுக்குப் பிடித்த ஆல்பம் அது. அதை வைத்துக்கொண்டா மார்க் போட ஒத்துக்கொண்டீர்கள்? மற்ற மூன்று பேரைவிட உங்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. காப்புக்கட்டுக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணில் ஒரு செருப்பு டப்பா நிறையக் கேசட் கிடைத்தது. ஒரு வாரமாக நான் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1987-இல் கோபியில் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு ரெக்கார்டிங் கடை. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒரு பிளாங்க் கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் நான்கு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரரை எல்லோரும் ரெக்கார்டிங் அண்ணன் என்போம். தாளை வாங்கியதும் காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் நிமிடக் கணக்கு எழுதுவார். நாலரை, நாலே முக்கால், நாலு பத்து. அறுபது கேசட் என்றால் ஒரு பக்கம் அரை மணி நேரம். ஆறு பாட்டு போட்டால் இரண்டு மூன்று நிமிடம் மீதி நிற்கும். மற்ற கடைகளில் அதை அப்படியே விட்டுவிடுவார்கள், டேப் உஸ்ஸென்று ஓடித் தீரும். இவர் விடமாட்டார். யாரையும் கேட்காமல், தனக்குத் தோன்றிய எதையாவது அந்த இடத்தில் போட்டுவிடுவார். கவர் அட்டையில் அதன் பெயரை எழுதவும் மாட்டார்.

எங்கள் மாமன் ஈரோட்டிலிருந்து சத்திக்குப் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். பஸ்ஸுக்குக் கேசட் பதிந்து வாங்கி வருவது என் வேலை. ஒரு கேசட்டில் ஏ சைடு முடிவில், ஆறு சினிமாப் பாட்டுக்கு அப்புறம், திடீரென்று ஒரு வயலின். முந்தைய வருடம் வந்திருந்த இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் தொகுப்பிலிருந்து எடுத்தது. அதுவும் முழுசாக இல்லை. நன்றாக ஏறிக்கொண்டே போகும்போது டேப் தீர்ந்து டக்கென்று நின்றுவிடும். மாமனுக்கு ஆத்திரம். "கேக்காததப் போட்டு வெச்சிருக்கான், அதையும் பாதியில அத்து உட்டுட்டான். போய்க் கேளு" என்று என்னை அனுப்பினார்.

போய்க் கேட்டேன். பதினாறு வயதுத் திமிரோடுதான் கேட்டேன், காசு கொடுத்தவங்க கேட்டதை மட்டும் போடுங்க என்று. ரெக்கார்டிங் அண்ணன் டெக்கின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே, "மூணு நிமிசம் டேப்பு சும்மா ஓடுச்சுன்னா பாவமுங்க தம்பி" என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேண்டாம்னா குடுங்க, அழிச்சுத் தாரேன்."

நான் கேசட்டைக் கொடுக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஈரோட்டில் கிளம்பும்போது கேசட்டைப் போட்டால், சித்தோடு தாண்டி, கவுந்தப்பாடி வரும் முன்னே அந்த வயலின் வந்துவிடும். ஆலைக்கொட்டாயில் சர்க்கரை காய்ச்சுகிற மணம் ஜன்னல் வழியாக வரும். டக்கென்று நிற்கும். கண்டக்டர் முன்னால் வந்து கேசட்டைத் திருப்பிப் போடுவார். ஒரு வருடத்தில் அந்தக் கேசட் தேய்ந்து பாட்டெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. புதிதாக ஒன்று பதிந்து வரச் சொல்லி மாமன் காசு கொடுத்தார். நான் படி இறங்கும்போது கூப்பிட்டார். "அந்தக் கடைசி பிடிலு இருக்குதல்ல, அதையும் போடச் சொல்லு" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதே எடத்துல நிக்கோணும்" என்றார்.

பல வருடம் கழித்து அதை முழுதாகக் கேட்டபோது, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வி. எஸ். நரசிம்மன் எவ்வளவு பெரிய கலைஞர், என்ன அழகாக வாசித்திருக்கிறார்! எனக்கு என்னவோ யார் வீட்டுக்குள்ளோ கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. இதற்கு என்ன மார்க் தம்பி? இசைக்கா, அறுந்த இடத்துக்கா, சர்க்கரை மணத்துக்கா?

உங்கள் ஹார்னஸ் யுவர் ஹோப்ஸும் மீதி டேப்தான். பிரைட்டன் த கார்னர்ஸ் ஆல்பத்துக்காக 1996-இல் பதிவு செய்து, அதில் சேர்க்காமல் ஒதுக்கி, 1999-இல் ஒரு சிறு தொகுப்பில் இடத்தை நிரப்பப் போட்ட பாட்டு. ரொம்பக் காலம் உயிரை விடுகிற ரசிகர்கள் மட்டும்தான் அதைக் கேட்டார்கள். பிறகு ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முடிந்ததும் தானாக இன்னொன்று ஓடுகிற வசதி வந்தது. அந்த மெஷின் இதை எடுத்து எடுத்துப் போட்டதில் உலகம் முழுக்கப் போய்விட்டது என்கிறார்கள். இன்று அங்கே பேவ்மென்ட் பாட்டுகளிலேயே அதிகம் பேர் கேட்பது அதுதான். ரீல்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தது. கேட்காத பாட்டு கேட்கிறவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மெஷின் காதில் பென்சில் கிடையாது, மூன்று நிமிடம் வீணானால் அதற்குப் பாவமும் தோன்றாது. அதனால் அதை நான் ரொம்பவும் புகழமாட்டேன். ஆனால் 'ஆல்பத்துலயே இல்ல' என்று உங்களை ஓட்டுகிற பையனிடம் சொல்லுங்கள்: ஆல்பத்தில் இருக்கிற பாட்டை யார் வேண்டுமானாலும் தேடிப் போய்விடலாம்.

எனக்குப் பிடித்த ஆல்பம் எது என்று கேட்டீர்கள் இல்லையா. பிரைட்டன் த கார்னர்ஸ். 1998-இல் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். சாம்பிள் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கிளம்பும்போது மேஜையில் விட்டுப்போன கேசட் அது. திருப்பிக் கேட்டு அவர் எழுதவில்லை, நானும் அனுப்பவில்லை. கைக்கு வந்த இரண்டாம் மாதமே என் பிளேயர் அதைக் கடித்துவிட்டது. ஏ சைடு தொடக்கத்தில் ஒரு முழ நீளம் கசங்கிப்போனது, ஸ்டீரியோ என்ற முதல் பாட்டு உளறிக்கொண்டேதான் தொடங்கும். உங்கள் வயதுக்குத் தெரிய வாய்ப்பில்லை: கேசட்டில் டேப் ஒன்றுதான், ஏ சைடு தொடங்குகிற இடத்தில்தான் பி சைடு முடியும். அங்கே கடைசிப் பாட்டு ஃபின். ஃபின் என்றால் முடிவு என்று அர்த்தம், அந்தப் பாட்டின் முடிவு எனக்குப் பல வருடம் தெரியவே தெரியாது.

அந்தக் கேசட்டும் செருப்பு டப்பாவில் இருந்தது. மாமனின் கேசட் இரண்டும் இருந்தன. பிளேயரைத் திறந்து பார்த்தால் பெல்ட் உருகி கருப்புக் கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோபியில் யாரும் இப்போது இந்த வேலை செய்வதில்லை. பெருந்துறையில் பழைய டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றித் தருகிற ஆள் யாராவது இருந்தால் விசாரித்து எழுதுங்கள்.