டெரிவேஷன் மனப்பாடம், கணக்கு வரல

சார் வணக்கம். பி.எஸ்சி தமிழ் மீடியத்துல முடிச்சேன், இப்ப எம்.எஸ்சி பிசிக்ஸ் முதல் செமஸ்டர். கிளாசிக்கல் மெக்கானிக்ஸ்ல லக்ராஞ்ச் ஈக்குவேஷன் டெரிவேஷனைப் பார்க்காம எழுதிடுவேன், ஆனா புதுசா ஒரு கணக்கு குடுத்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. தீட்டாவும் தீட்டா டாட்டும் எப்படி தனித்தனி வேரியபிள்னும் புரியல. எனக்கு தியரி வராதுன்னு விட்டுட்டு லேப் பக்கம் போயிடலாமா?
– ர.

அன்புள்ள தம்பி,

லேப் பிடிச்சிருந்தா தாராளமா போங்க, இந்தக் காரணத்துக்காகப் போகாதீங்க. லக்ராஞ்ச் ஈக்குவேஷனுக்கு அடிப்படையான டி'அலெம்பர்ட் பிரின்சிபிள்ல ஆரம்பிச்சு பக்கம் பக்கமா போர்டுல எழுதிட்டு, கடைசியில சிம்பிள் பெண்டுலம் ஒண்ணு காட்டிட்டு அடுத்த யூனிட்டுக்குப் போயிடறாங்க, பெண்டுலத்துக்கு விடை ப்ளஸ் டூலயே தெரியும், அப்புறம் இவ்ளோ பாடு எதுக்குன்னு யாருக்குமே தோணும்.

இதைப் போட்டுப் பாருங்க. 20 செ.மீ ஆரமுள்ள கம்பி வளையத்தை நிக்க வச்சு, செங்குத்து விட்டத்தை அச்சா வச்சு மோட்டார்ல சுத்துறோம், அதுல கோர்த்த மணி உராய்வில்லாம வழுக்குது. நியூட்டன் வழின்னா வளையம் மணியைத் தள்ளுற விசையை எழுதி, திசை பிரிச்சு, கடைசியில அதையே நீக்கணும். இங்க கீழ்ப்புள்ளியிலிருந்து அளக்கற கோணம் தீட்டா ஒண்ணே போதும், அது மாறுற வேகம்தான் தீட்டா டாட். கம்பி வழியா போற வேகம் ஆரம் × தீட்டா டாட், சுத்துறதால வர்ற வேகம் ஆரம் × சைன் தீட்டா × ஒமேகா (வளையம் சுத்துற கோண வேகம்), ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்து, அதனால வர்க்கங்களைக் கூட்டினா கைனெடிக் எனர்ஜி ரெடி. அதுல பொட்டன்ஷியலைக் கழிச்சா லக்ராஞ்சியன், அதை லக்ராஞ்ச் ஈக்குவேஷன்ல போடுங்க, நிறை அடிபட்டுப் போயிடும்:

தீட்டா டபுள் டாட் = சைன் தீட்டா × (ஒமேகா ஸ்கொயர் × காஸ் தீட்டா − ஜி/ஆரம்)

ஜி 9.8னா ஜி/ஆரம் 49. ஒமேகா செகண்டுக்கு 7 ரேடியன் வரைக்கும் மணிக்கு கீழ்ப்புள்ளிதான் நிலையான இடம். 7-ஐத் தாண்டினா லேசா தட்டினாலே மேல ஏறும், 14-ல காஸ் தீட்டா கால், அதாவது சுமார் 75.5 டிகிரில புது சமநிலை. ஒரு வரி சமன்பாட்டுல இவ்வளவும் கிடக்குதுங்கறது எனக்கு இன்னிக்கும் சந்தோஷம்தான்.

உங்க தீட்டா டாட் சந்தேகம் ரொம்ப நல்ல சந்தேகம். லக்ராஞ்சியன் எழுதறப்ப மணி எந்தப் பாதையில போகும்னு நமக்குத் தெரியாது, அதே கோணத்துல மெதுவாவும் போகலாம் வேகமாவும் போகலாம், அதான் ரெண்டும் தனி. பார்ஷியல் டெரிவேட்டிவ் எடுத்து முடிச்சு, அப்புறம் டைம்ல டிஃபரன்ஷியேட் பண்றப்பதான் உண்மையான பாதை உள்ள வருது.

இதே கணக்குக்கு ஹாமில்டோனியனும் (லக்ராஞ்சியன்ல இருந்து மொமென்டத்தை வச்சு எழுதற ஃபங்ஷன்) எழுதுங்க. நேரம் நேரடியா வராததால அது மாறாது, ஆனா மணியோட மொத்த எனர்ஜியும் அது இல்ல, சுத்துறதோட டெர்ம் மைனஸ்ல வந்து நிக்கும். மொத்த எனர்ஜி மாறிக்கிட்டே இருக்கும், மோட்டார்தான் குடுத்து வாங்குது. ஹாமில்டோனியன்னாலே டோட்டல் எனர்ஜின்னு ரெண்டு மார்க்குக்கு எழுதிப் பழகினவங்க தடுமாறுற இடம் இது.

லக்ராஞ்ச் 1788-ல வெளியிட்ட புத்தகத்தோட முன்னுரையிலயே இதுல படமே கிடையாதுன்னு சொல்லியிருப்பார். நீங்க ஒவ்வொரு கணக்குக்கும் படம் போடுங்க, கோணம் எங்கிருந்து அளக்கறோம்னு குறிங்க. டி'அலெம்பர்ட்டை ஒரு பத்து கணக்கு முடிச்சப்புறம் திரும்பப் படிச்சா போதும். அடுத்து ஸ்பெரிக்கல் பெண்டுலம் எடுங்க, அதுல ஃபை, அதாவது செங்குத்து அச்சைச் சுத்தி அளக்கற கோணம், லக்ராஞ்சியன்ல வராது, ஃபை டாட் மட்டும்தான் வரும், அதனால எது மாறாம இருக்கும்னு கண்டுபிடிச்சு எனக்கு எழுதுங்க.