எந்தத் துறை, என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஓசூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் பெருகுகின்றன, வேலைவாய்ப்புக் கணிப்பிலும் அந்தத் துறைக்கு ஏறுமுகம்தான், அதையே படிக்க வையுங்கள் என்கிறார்கள். நம்பிச் சேர்க்கலாமா? இன்னொன்று: நான் பட்டுப்புழு வளர்க்கிறேன். மாம்பழ சீசனில் இரண்டு மாதம் மாங்கூழ் ஃபேக்டரிக்கும் போவேன். கணக்கெடுப்பில் என்னை எதில் சேர்ப்பார்கள்?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

துறை வளர்வது வேறு, அந்தத் துறையின் பெயர் கொண்ட படிப்புக்கு வேலை பெருகுவது வேறு. நிறுவனம் எதைத் தயாரிக்கிறது என்று பிரிக்க ஒரு பட்டியல் இருக்கிறது: தேசியத் தொழில் வகைப்பாடு 2008. ஆள் என்ன செய்கிறார் என்று பிரிப்பது இன்னொன்று: தேசியப் பணி வகைப்பாடு 2015. செல்போன் பாகம் செய்யும் ஆலை முதல் பட்டியலில் 26-ஆம் பிரிவு (கணினி, எலக்ட்ரானிக்ஸ் பொருள் உற்பத்தி). அதற்குள் உற்பத்தி லைனில் பாகம் பொருத்தும் பெண்கள் இரண்டாவது பட்டியலில் 8-ஆம் பெரும்பிரிவு (இயந்திரம் இயக்குபவர்கள், பாகம் பொருத்துபவர்கள்), சம்பளக் கணக்கு பார்ப்பவர் 4 (எழுத்தர்கள்), கேன்டீன் சமையல்காரர் 5 (சேவை, விற்பனைப் பணியாளர்கள்). ஷிப்ட் பஸ்ஸை ஆலையே ஓட்டினால் அதன் டிரைவரும் எலக்ட்ரானிக்ஸ் துறைக்காரர்தான். அதே பஸ்ஸை ஒரு டிராவல்ஸுக்குக் கான்ட்ராக்ட் விட்டால் அவர் மறுநாளே போக்குவரத்துத் துறைக்கு மாறிவிடுவார். ஸ்டியரிங் என்னவோ அதேதான்!

கணிப்பவர்கள் முதலில் துறைக்கு எத்தனை ஆள் தேவை என்று பார்த்து, அப்புறம் துறைக்குள் எந்தப் பணிக்கு எத்தனை பங்கு என்ற அட்டவணையால் அதைப் பிரிப்பார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் பத்தாண்டுக் கணிப்பை இப்படித்தான் போடுகிறது. ஓய்வு பெறுபவர்களும் வேறு வேலைக்குப் போகிறவர்களும் விட்டுச்செல்லும் இடங்களையும் அது கணக்கில் சேர்க்கிறது. புதிதாக முளைக்கும் வேலைகளைவிட இவைதான் பல மடங்கு அதிகம். நம்மூரில் பேச்சு துறையோடு நின்றுவிடுகிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அதனால் கல்லூரியில் “எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது” என்று கேட்காதீர்கள். போன வருடம் முடித்தவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், சம்பளச் சீட்டு கம்பெனி பெயரிலா கான்ட்ராக்டர் பெயரிலா என்று கேளுங்கள். டிப்ளமோ முடித்துவிட்டு லைனில் நிற்பவர்கள்தான் அதிகம் என்றால், கட்டணத்தை யோசித்துக் கட்டுங்கள்.

உங்கள் கணக்கு சுலபம். வேலை நிலவரம் அறிய அரசு எடுக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் (PLFS) கடந்த 365 நாளில் அதிக காலம் செய்த வேலைதான் முதன்மை வேலை. 30 நாளுக்குக் குறையாமல் வேறொன்று செய்திருந்தால் அது துணை வேலை. உங்கள் முதன்மை வேலையான புழு வளர்ப்பு விவசாயப் பிரிவில் வரும் (கூட்டிலிருந்து நூல் எடுப்பது மட்டும் ஜவுளி உற்பத்தி). துணை வேலையான மாங்கூழ் என்றால் உணவுப் பொருள் உற்பத்தி. அங்கே நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லையே? பழப்பெட்டி இறக்கினால் பணிப் பட்டியலில் 9 (எளிய உடலுழைப்பு வேலைகள்), பாய்லர் பார்த்தால் 8.