இங்கிலாந்து மோட்டார்வே பலகைகளில் வரும் ஜங்ஷன் படங்களையும் லேன் குறிகளையும் எப்படிப் படிப்பது?

கேட்டவர் சென்னையில் பல வருடம் கார் ஓட்டியவர். இப்போது வேலைக்காக இங்கிலாந்து வந்து, இந்திய லைசென்ஸோடு எம்25-இல் (லண்டனைச் சுற்றி வரும் மோட்டார்வே, அதாவது விரைவுச் சாலை) ஓட்டப் போகிறார். வேகம் பிரச்சினை இல்லையாம், தலைக்கு மேலே வரும் கோடும் அம்பும்தான் குழப்புகிறதாம். நான் இங்கே பல வருடமாக ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஜங்ஷன் படங்களில் பல வடிவங்கள் உண்டு என்றாலும் நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டைத்தான்: கிளை பிரியும் படம், கீழே பார்க்கும் அம்பு. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கிளைப் படம் சாலையின் இடது ஓரத்தில் நீலப் பலகையாக நிற்கும். தடித்த வெள்ளைக் கோடு ஒன்று நேராக மேலே போகும், அதிலிருந்து இன்னொன்று இடது பக்கம் பிரியும். உங்கள் லேன்கள் எல்லாம் அப்படியே நேராகத் தொடர்கின்றன, வெளியே போகும் வழி தனியாக இடது பக்கம் முளைக்கிறது என்று பொருள். எதுவும் செய்யாமல் இருந்தால் மோட்டார்வேயிலேயே இருப்பீர்கள். படத்தில் கிளை சாய்ந்திருக்கும் கோணத்தை வைத்து உண்மையான வளைவைக் கணக்குப் போடாதீர்கள், அது ஒரு குறிப்பு மட்டும்தான். கோட்டின் தடிமன்தான் பேசும்: தடித்தது பெரிய சாலை, மெலிந்தது சின்னது.

பலகையின் கீழ் மூலையில் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளையில் இருக்கும் எண்தான் ஜங்ஷன் எண். ஊர் பெயரை விட்டாலும் இதை விடாதீர்கள். கிளம்பும் முன்பே "எனக்கு 16" என்று மனதில் வைத்துக்கொண்டால், வழியில் பத்து ஊர் பெயர் வந்தாலும் குழப்பம் வராது. எம்25 மாதிரி 188 கிலோமீட்டர் வட்டத்தில் ஊர் பெயரை நம்பி ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது.

வழக்கமாக முதல் பலகை ஒரு மைலுக்கு முன்னால், அடுத்தது அரை மைலில். எழுபது மைல் வேகத்தில் ஒரு மைல் என்பது ஒரு நிமிடம்கூட இல்லை. அப்புறம் இடது ஓரத்தில் சாய்வான பட்டைகள் போட்ட சின்னப் பலகைகள் வரும்: மூன்று பட்டை, இரண்டு, ஒன்று. ஒரு பட்டைக்கு 100 கஜம். அதாவது ஒரு பட்டைக்கு மூன்றே மூன்று வினாடி. மூன்று பட்டை கண்ணில் படும்போது நீங்கள் இன்னும் மூன்றாவது லேனில் இருந்தால் அந்த எக்ஸிட்டை விட்டுவிடுங்கள். அடுத்த ஜங்ஷனில் இறங்கித் திரும்பி வந்தால் கொஞ்சம் நேரம் போகும், அவ்வளவுதான். (லேன்களை இடது ஓரத்திலிருந்து எண்ணுவார்கள். லேன் 1 என்றால் இடது கோடி.)

இப்போது புதிதாக வருபவர்களை மாட்டிவிடும் படத்துக்கு வருவோம். சாலைக்குக் குறுக்கே கேன்ட்ரி (தலைக்கு மேலே பலகை தாங்கும் இரும்புச் சட்டம்), அதில் பெரிய பலகை, நடுவே செங்குத்தாக ஒரு கோடு, ஒவ்வொரு லேனுக்கும் மேலே கீழ் நோக்கிய அம்பு. இங்கே எக்ஸிட் தனியாக முளைப்பதில்லை, நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் லேனே வெளியே போகிறது. முதல் படத்தில் சும்மா இருந்தால் நேராகப் போவீர்கள். இங்கே இடது லேனில் சும்மா இருந்தால் மோட்டார்வேயை விட்டே வெளியே போய்விடுவீர்கள். எந்த அம்புக்குக் கீழே இருக்கிறீர்களோ அதுதான் உங்கள் ஊர். லேன் 1-இல் அடக்கமாக ஓட்டும் நல்ல ஓட்டுநர்தான் இதில் சிக்குவார்.

தரையும் இதைச் சொல்லும். லேன்களுக்கு இடையே வழக்கமாக இருக்கும் நீண்ட மெல்லிய விட்டுவிட்ட கோடு மாறி, குட்டையாக, தடிப்பாக, நெருக்கமாக வரும். அதைப் பார்த்ததும் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் வெள்ளைப் பட்டைகள் போட்ட முக்கோணம். அதன் விளிம்பு முழுக்கோடாக இருந்தால் அவசரநிலை தவிர உள்ளே நுழைவது சட்டப்படி தவறு. கடைசி நொடியில் அதன் மேல் ஏறிக் குறுக்கே போகும் கார்களைத் தினமும் பார்க்கலாம். அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள்.

அடுத்தது அடைப்புக்குறி. இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகமான 'ஹைவே கோட்'-இல் (Highway Code) மாதிரியாகவே ஒரு பலகை இருக்கிறது. இடது லேனுக்கு மேலே லெஸ்டர், கோவென்ட்ரி (ஈ), ஏ46 (எம்69). மற்ற லேன்களுக்கு மேலே வடமேற்கு, பர்மிங்ஹாம், கோவென்ட்ரி (என்), எம்6. இதில் ஏ46 (எம்69) என்பதற்குப் பொருள், இந்த லேன் உங்களை ஏ46-இல் விடும், அது வழியாகப் போனால் எம்69 கிடைக்கும் என்பது. அடைப்புக்குள் இருக்கும் சாலை நேராகக் கிடைக்காது. கோவென்ட்ரிக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து திசை: ஈ கிழக்குப் பகுதி, என் வடக்குப் பகுதி. ஒரே ஊர் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறதே என்று திகைக்க வேண்டாம், ஊரின் எந்தப் பகுதிக்குப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஆனால் ஏ1(எம்) என்று எண்ணோடு ஒட்டி எம் மட்டும் அடைப்புக்குள் வந்தால் கதை வேறு. ஏ1 சாலையே அந்தப் பகுதியில் மோட்டார்வேயாக மாற்றப்பட்டிருக்கிறது, மோட்டார்வே விதிகள்தான் அங்கே. வடக்கு, தென்மேற்கு என்று பெரிய எழுத்தில் வருபவை ஊர்கள் அல்ல, நாட்டின் பகுதிகள்.

இவ்வளவு விஷயத்தையும் ஓடுகிற காரிலிருந்து படிக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள். 1958-இல் திறந்த பிரஸ்டன் பைபாஸ்தான் நாட்டின் முதல் மோட்டார்வே. அதற்காக அவர்கள் வடிவமைத்த எழுத்தும் படமும்தான் இன்றும் அடிப்படை.

சரி, விளக்கு எரியும் குறிகள். லேனுக்கு மேலே சிவப்புப் பெருக்கல் குறி என்றால் அந்த லேன் மூடியாயிற்று. முன்னால் ஒன்றுமே தெரியாவிட்டாலும் விலகுங்கள். கேமரா பார்க்கிறது, அபராதம் 100 பவுண்ட், லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளி. சிவப்பு வளையத்துக்குள் வேக எண் இருந்தால் அது சட்டம், வளையம் இல்லாமல் இருந்தால் ஆலோசனை வேகம். ரோடு வேலை நடக்கும் இடத்தில் வரும் மஞ்சள் பலகையில் ஒவ்வொரு லேனுக்கும் ஒரு கறுப்புக் கோடு வரைந்திருப்பார்கள். எந்தக் கோட்டின் தலையில் சிவப்புக் கட்டை குறுக்கே இருக்கிறதோ அந்த லேன் முடிகிறது. கோடுகளை இடமிருந்து எண்ணினால் உங்கள் லேன் எது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஸ்லிப் ரோட்டில் (மோட்டார்வேயை மற்ற சாலையோடு இணைக்கும் கிளைச் சாலை) ஏறும்போது மஞ்சள் கட்டத்துக்குள் கறுப்புச் சதுரம், முக்கோணம், வட்டம், வைரம் என்று ஏதாவது தெரியும். சாதாரண நாளில் அதற்கு வேலையே இல்லை. மோட்டார்வேயை மூடிவிட்டால் மட்டும், "வட்டத்தைப் பின்தொடருங்கள்" என்பது போல மின்பலகையில் அறிவிப்பு வரும். அதே வடிவத்தைப் பார்த்துக்கொண்டே போனால் உள்சாலைகள் வழியாகச் சுற்றி மறுபடி மோட்டார்வேக்கே வந்துவிடலாம். அந்த மாதிரி நேரத்தில் சாட்நாவ் (காரில் வழி சொல்லும் கருவி) ஆளுக்கொரு சந்துக்குள் அனுப்பும். எனக்கு இந்த வடிவங்கள்தான் மேல்.

கடைசியாக, ஓரத்தில் 500 மீட்டருக்கு ஒன்றாக ஒரு சின்ன நீலப் பலகை நிற்கும். மேலே மோட்டார்வேயின் பெயர், நடுவில் ஏ அல்லது பி, கீழே ஒரு எண். ஏ, பி என்பது சாலையின் எந்தப் பக்கம் என்பதற்கு. எம்25-இல் கடிகாரச் சுற்றில் போகும் பக்கம் ஏ. எண் கிலோமீட்டர் கணக்கு (மற்ற பலகையெல்லாம் மைலில் இருக்க, இது மட்டும் கிலோமீட்டரில்!). வண்டி நின்றுபோய் உதவிக்கு அழைக்க நேர்ந்தால், "எந்த ஜங்ஷனுக்குப் பக்கத்தில்" என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த மூன்று வரியையும் வரிசையாகப் படித்துச் சொல்லுங்கள், வண்டி எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.