புது வீடு, கைவேலை, உப்புக் காத்து: கேள்வி பதில்

தொண்டியிலேர்ந்து மூக்கையூர் வரைக்கும் கடலோரத்துல புதுசா குடிபோனவங்க, போகப் போறவங்க கேளுங்க. சுவர், துணி, ஓலை, கயிறு, மரச்சாமான், இதுல செலவில்லாம வீட்டை எப்படி அழகாக்குறதுன்னு சொல்றேன். வயரிங், வாஸ்து, பேங்க் லோன் எல்லாம் நம்ம வேலை இல்ல.

தங்கச்சிமடம்: அக்கா, பால் காய்ச்சி மூணு மாசம்தான் ஆச்சு. ஹால் சுவர்ல கீழ ரெண்டடி உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளிச்சு, வெள்ளையா உப்புப் பூத்து உதிருது. பெயின்டர் சுரண்டிட்டு மறுபடி பட்டி போடலாம்ங்கிறார்.

பட்டி போட்டா அடுத்த ஐப்பசிக்கு மறுபடி அவரைக் கூப்பிடணும். நடக்கிறது இதுதான்: தரையில இருக்க ஈரம் உப்பைக் கரைச்சுக்கிட்டு சுவருக்குள்ள ஏறுது. மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணி ஆவியாயிடும், உப்பு மட்டும் படிகமா நின்னு பெயின்ட்டைப் பின்னாலேர்ந்து தள்ளும். பட்டியும் எனாமலும் ஈரம் வெளிய போற வழியை அடைக்குது. அதனால ரெண்டடியில இருந்தது நாலடிக்கு ஏறும்.

முதல்ல ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. தாளோட உள்பக்கம் வேர்த்தா ஈரம் சுவர்ல இருக்கு. வெளிப்பக்கம் வேர்த்தா காத்து ஈரம், ஜன்னலைத் திறந்து வச்சாப் போதும். கீழ மட்டும் இல்லாம சுவர் முழுக்க ஒரே மாதிரி பூத்திருந்தா, பூச்சுல கடல் மணலோ உப்புத் தண்ணியோ கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதுக்கு அலங்காரத்துல வைத்தியம் இல்ல, கட்டுமான ஆள் பார்க்கணும்.

உங்களுது கீழ மட்டும்தான். பெயின்ட், பட்டி ரெண்டையும் முழுசா சுரண்டுங்க. உப்பைத் தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு, உதிர்ந்த தூளைக் கூட்டி வீட்டுக்கு வெளிய தள்ளுங்க. சுவர் ஓரமாவே கிடந்தா அடுத்த மழைக்கு அதே உப்புதான் ஏறும். அப்புறம் பழைய பேப்பரை நல்ல தண்ணியில ஊறவச்சுக் கூழாக்கி அரை இஞ்ச் கனத்துக்கு அப்பி, தானாக் காயுற வரை விட்டு உரிச்சு எடுங்க. கூழ் காயும்போது உப்பைத் தனக்குள்ள இழுத்துக்கும். ரெண்டு மூணு தடவை செய்யணும்.

அதுக்கு மேல சுண்ணாம்பு. ஒரு கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு அஞ்சு லிட்டர் நல்ல தண்ணி. போர் தண்ணி உப்புக் கரிச்சா அது வேண்டாம். தண்ணியை முதல்ல ஊத்தி அதுல சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க. மாத்திப் போட்டா கொதிச்சு மூஞ்சியில தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி சூட்டுல இளகும், அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிச்சுடும், அதனால இரும்பு டிரம் எடுத்துக்குங்க. 24 மணி நேரம் ஊறவச்சுத் துணியில வடிகட்டி, 10 லிட்டருக்கு 40 கிராம் பிசினைச் சுடுதண்ணியில கரைச்சுச் சேருங்க. பளிச்சுன்னு வெள்ளை வேணும்னா கிலோவுக்கு மூணு கிராம் நீலம். சுவரை லேசா நனைச்சுட்டு, மெல்லிசா மூணு கோட், நாளுக்கு ஒண்ணு. ஒரே கோட்ல கனமா அடிச்சா வெடிச்சு ஏடு ஏடா உதிரும். கண்ணுல பட்டா நல்ல தண்ணியில கால் மணி நேரமாவது கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மாசி, பங்குனியில செய்யுங்க. வாடைக் காத்து அடிக்கும்போது கை வைக்காதீங்க. ஈரம் ஏறுறது இதனால நிக்காது, ஆனா சுவர் மூச்சு விடும், பூக்கிற உப்பு மேலோட நின்னுடும். வருஷம் ஒரு தடவை தூசி தட்டி ஒரு கோட் அடிச்சாப் போதும்.

கீழக்கரை: சுண்ணாம்புல கலர் வேணும் அக்கா. மஞ்சள்தூள் போடலாமா?

போட்டுப் பாருங்க, குங்குமச் சிவப்பா மாறும்! சுண்ணாம்புல மஞ்சள் நிக்காது. அந்தச் சிவப்பும் வெயில் பட்டா வெளுத்துடும். மண் நிறங்கள்தான் தாங்கும்: செங்காவி, மஞ்சக்காவி. ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 50 கிராம்ல ஆரம்பிங்க, 100 தாண்டாதீங்க, தாண்டினா கையில ஒட்டும். ஈரத்துல தெரியுற நிறம் காஞ்சா பாதிதான் இருக்கும். ஒரு மூலையில அடிச்சுக் காயவச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. முதுகு சாய்ஞ்சு உக்கார்ற இடத்துல மூணடி உயரத்துக்கு ஓலைப்பாயைக் கட்டிவிட்டா சட்டையில வெள்ளை ஒட்டாது. பாய்க்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ரீப்பர் கட்டை கனம் இடைவெளி விடணும், இல்லாட்டி பாய் பூசணம் பிடிக்கும்.

சாயல்குடி: பழைய காட்டன் சேலையில திரை தைக்கணும். கச்சான் காத்துல எல்லாம் பறக்குது. வலைக்குக் கட்டுற ஈயக்குண்டை ஓரத்துல வச்சுத் தைக்கலாமா?

ஈயம் கூடவே கூடாது. தவழுற பிள்ளை முதல்ல வாயில வைக்கிறது திரையோட ஓரத்தைத்தான், ஈயம் விஷம். ஜன்னல் திரைக்கு மேல ஒரு மடிப்பு, கீழ ஒரு மடிப்பு தைச்சு ரெண்டுலயும் கம்பு கோத்து, கீழ்க் கம்பைக் கொக்கியில மாட்டிட்டா எந்தக் காத்துக்கும் பறக்காது.

அளவு: அஞ்சரை மீட்டர் சேலைன்னா 18 அடி. ஏழடி வாசலுக்கு மடிப்போட ஏழரை அடி வெட்டினா ரெண்டு திரை, மிச்சம் மூணடி தலையணை உறைக்கு. அகலம் 45 இஞ்ச் இருக்கும், மூணடி வாசலுக்குச் சுருக்கம் அளவா வரும். ஜன்னலுக்கு மட்டும் ஒண்ணரை மடங்கு அகலம் வேணும், ரெண்டு துண்டைச் சேருங்க. முந்தானையை வாசல் பக்கம் வைங்க, கிழிஞ்ச நடுப்பகுதி உறைக்குள்ள போகட்டும். கம்பிக்கு இரும்பு வேண்டாம், ஒரே மழைக்காலத்துல துருக் கறை துணியில இறங்கும். முக்கால் இஞ்ச் பிவிசி பைப் போதும். நாலடிக்கு மேல நீளம்னா தொய்யும், உள்ள ஒரு மூங்கில் குச்சியைச் சொருகிடுங்க.

பாம்பன்: ஷோகேஸ்ல வைக்கப் பவளப்பாறைத் துண்டு கிடைச்சிருக்கு. கரையில ஒதுங்கினதுதான். எப்படி வெளுக்க வைக்கிறது?

வெளுக்க வேண்டாம், வைக்கவும் வேண்டாம். பவளப்பாறை, கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, 2001லேர்ந்து. செத்ததா உயிரோட இருக்கானு பிரிச்சுப் பார்க்கிறதில்ல, வீட்டுல இருந்தா வழக்குதான், ஜெயில் உண்டு. சங்கு, சிப்பியிலயும் சில வகை அந்தப் பட்டியல்ல இருக்கு. கடையில விக்கிறாங்கன்னு வாங்கிடாதீங்க. நம்ம கரைக்கு எதிர்த்தாப்ல இருக்க தீவுகளைச் சேர்த்துதான் 1986ல மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவிச்சாங்க. ஷோகேஸ்ல வைக்க ஓலைக் கொட்டான், மண் குதிரை, பனங்கொட்டை இருக்கு.

மண்டபம்: ஏசி வாங்க வசதியில்ல. ஜன்னல்ல வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணி தெளிச்சா குளுகுளுன்னு இருக்குமாமே?

மதுரையில இருக்கும், மண்டபத்துல இருக்காது. தண்ணி ஆவியானாத்தான் குளுமை. நம்ம காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருக்கு, ஆவியாக இடமில்ல, அறை புழுங்கும். ஏர் கூலருக்கும் இதே கதை. நமக்குக் காத்துக்குப் பஞ்சமில்ல, அதைப் பிடிங்க. காத்து வர்ற பக்கம் ஜன்னலைப் பாதி திறந்து, எதிர்ப்பக்கம் முழுசாத் திறங்க. நுழையிற வழி சின்னதா, போற வழி பெருசா இருந்தா உள்ள வேகமா ஓடும். நடுவுல பீரோவை நிறுத்திக் காத்தை மறிக்காதீங்க.

தேவிபட்டினம்: சுவர்ல உப்புப் பூக்குது, என்ன செய்ய?

மேல தங்கச்சிமடத்துக்கு எழுதியிருக்கேன்.

உச்சிப்புளி: தோட்டத்துல சீமைக்கருவேலம் வெட்டிப் போட்டிருக்கோம். விறகுக்கு விக்க மனசில்ல. இதுல ஸ்டூல் செய்ய முடியுமா?

நல்லாவே முடியும். கனமான, இறுகின மரம். காஞ்சதுக்கு அப்புறம் அவ்வளவா முறுக்காது. கோணலா வளர்றதுதான் குறை, நீளமான பலகைக்கு ஆசைப்படாதீங்க.

வெட்டின உடனே ரெண்டு முனையிலயும் பழைய பெயின்ட்டைத் தடவிடுங்க, முனை வேகமாக் காஞ்சா வெடிக்கும். பட்டையை உரிச்சு நிழல்ல, நடுவுல குச்சி வச்சு அடுக்குங்க. வெளிப்பக்கம் மஞ்சளா இருக்கதைச் செதுக்கி எடுத்துடுங்க, வண்டு அங்கதான் இறங்கும். உள்ள இருக்க கரும்பழுப்பு வைரத்தை எடுங்க.

ஸ்டூலுக்கு ஒண்ணரை இஞ்ச் சதுரத்துல 15 இஞ்ச் கால் நாலு, ஒரு இஞ்ச் கனத்துல 12 இஞ்ச் சட்டம் எட்டு. காலை ரெண்டு மாசம் காஞ்சதும் எடுத்துக்கலாம், லேசா ஈரம் இருக்கட்டும். சட்டம் மட்டும் முழுசாக் காஞ்சிருக்கணும். கால்ல முக்கால் இஞ்ச் துளை போட்டு, சட்டத்து முனையை அதே அளவுக்குச் சீவி, மரப்பசை தடவி அடிச்சு இறக்குங்க. கால் காயக் காயச் சுருங்கிச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். ஆணியே வேண்டாம். பக்கத்துப் பக்கத்துத் துளை ரெண்டும் உள்ள சந்திக்காம ஒரு இஞ்ச் ஏத்தி இறக்கிப் போடுங்க.

உக்கார்ற இடத்துக்கு ஆறு மில்லிமீட்டர் கயிறு, நெருக்கமாப் பின்னினா 65 மீட்டர் வரை பிடிக்கும். துறைமுகத்துல கழிச்ச நைலான் கயிறு சும்மாவே கிடைக்கும். ஆனா நல்ல தண்ணியில ரெண்டு நாள், தண்ணி மாத்தி மாத்தி ஊறவைக்கணும். கயிற்றுல உப்பு மிச்சமிருந்தா காத்து ஈரத்தை இழுத்து எப்பவும் சில்லுன்னு இருக்கும், உடுத்தின துணி நனையும்.

பரமக்குடி: தப்பா வழி காட்டாதீங்க. கருவேலம் ஆக்சிஜனை உறிஞ்சுற மரம். அதை வீட்டுக்குள்ள வைக்கலாமா?

வெட்டிக் காஞ்ச கட்டை எதையும் உறிஞ்சாது ஐயா. உயிரோட நிக்கிற மரமும் மத்த மரம் மாதிரிதான், பகல்ல ஆக்சிஜனை வெளிய விடும். நிலத்தடித் தண்ணியை இழுக்குது, மத்த செடியை வளரவிடாது, அதெல்லாம் சரி. அதனாலதான் வெட்டுறோம். வெட்டினதைக் கரி மூட்டத்துல போடாம ஸ்டூலாக்கினா என்ன தப்பு?

கமுதி: நான் தச்சன். அந்த மரத்துல இழைப்புளி ஓட்டினா அரை மணிக்கொரு தடவை தீட்டணும். கூலிக்குக் கட்டாது.

இது நியாயமான பேச்சு. அதனாலதான் இழைச்சுப் பண்ற பீரோ, கதவுக்கு இதைச் சொல்லல. சட்டமும் காலும் சீவுற வேலை, வீட்டுலயே ஆகும்.

பரமக்குடி: வண்டு வந்து மாவாக் கொட்டும், அப்ப என்ன சொல்வீங்க?

மஞ்சள் பகுதியை விட்டுட்டீங்கன்னு சொல்வேன். பயமா இருந்தா போரிக் அமிலம் 100 கிராம், போராக்ஸ் 150 கிராம், அஞ்சு லிட்டர் சுடுதண்ணியில கரைச்சு, சீவின துண்டுகளைப் பூட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஊறவச்சு நிழல்ல உலர்த்துங்க. சட்டத்தை மறுபடி நல்லாக் காயவிட்டு அப்புறம் பூட்டுங்க. பிள்ளைங்க கைக்கு எட்டாம செய்யணும். மழையில நனைஞ்சா மருந்து கரைஞ்சுடும், வீட்டுக்குள்ள போடுற சாமானுக்கு மட்டும்.

வாலிநோக்கம்: முள்ளு குத்தினா சீழ் வைக்குதே, அப்ப மரமும் விஷம்தானே?

முள்ளு உள்ள முறிஞ்சு தங்குறதால சீழ் வைக்குது. முள்ளை எடுத்துட்டுத் தொடுங்க. அறுக்கும்போது தூள் மூக்குல ஏறாம துணி கட்டுங்க. கருவேலம் போதும்பா, சுவரும் துணியும் காத்துக்கிட்டிருக்கு.

ஏர்வாடி: அந்த ஸ்டூலுக்கு வள்ளத்துக்குப் பூசுற மீன் எண்ணெய் பூசலாமா?

பூசலாம், யாரும் உக்கார வரமாட்டாங்க. ஆளிவிதை எண்ணெய் மெல்லிசா ரெண்டு கோட், நடுவுல ரெண்டு மூணு நாள் விடுங்க. துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானாச் சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க. முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்கும், அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

தொண்டி: படம் மாட்ட எந்த ஆணி?

துருப்பிடிக்காதது எதுவும். பித்தளை, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). முலாம் பூசின ஸ்க்ரூவும் இங்க துருப்பிடிக்கும்.

பெரியபட்டினம்: சுவர் உப்புக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சா...

அடிக்காதீங்க. தங்கச்சிமடம் பதில் பாருங்க.

ராமேஸ்வரம்: பூஜை ரூம் எந்த மூலை?

வாஸ்து பார்க்கிறவங்களைக் கேளுங்க.

முகவை நகர்: ஓலைப்பெட்டி, ஓலைப்பாய் எல்லாம் கார்த்திகையில கரும்புள்ளி விழுது. வார்னிஷ் அடிக்கவா?

வேண்டாம். உள்ள தங்கின ஈரத்தை வார்னிஷ் பூட்டி வச்சுடும். ஐப்பசிக்கு முன்னாடி ரெண்டு நாள் நல்ல வெயில்ல போட்டு, ஆறினப்புறம் உள்ள வைங்க. சூட்டோட அடுக்கினா வேர்த்துப் பூசணம்தான். சாயம் ஏத்தின ஓலை வெயில்ல வெளுக்கும், அதைக் காத்தாட நிழல்ல மட்டும். புள்ளி விழுந்ததை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியில பிழிஞ்ச துணியால துடைச்சு, உடனே உலர்த்துங்க. அடுக்கும்போது சிமென்ட் தரையில நேரா வைக்காம, ரெண்டு குச்சி மேல வைங்க.