நைரோபி, வேலியில்லாத தெற்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக ஆகஸ்டில் நைரோபி செல்கிறேன். வேலை முடிந்தபின் மூன்று நாள் கையில் இருக்கும். ஊருக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்கா உண்டாமே? படங்களில் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் அடுக்குமாடிகள் நிற்கின்றன. வண்டலூர் மாதிரிதான் இருக்கும் என்கிறார் நண்பர். அதை விட்டுவிட்டு நேராக மாசாய் மாரா காப்பகத்துக்குப் போய்விடலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மாரா போங்கள். ஆகஸ்டில் அங்கே காட்டுமாட்டு (நம்மூர்க் காட்டெருமை அல்ல, ஆப்பிரிக்க வில்டபீஸ்ட்) மந்தைகள் வந்து சேர்ந்திருக்கும், அதைத் தவறவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சாலையில் போக ஐந்தாறு மணி நேரம், திரும்பவும் அதே. கிளம்பும் முன் ஒரு காலையை நைரோபிப் பூங்காவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் பார்த்தது வடக்கு நோக்கி எடுத்த படங்கள். 1946இல் அமைந்த பூங்கா அது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா, 117 சதுர கிலோமீட்டர். நகரத்தை ஒட்டிய பக்கங்களில் மின்வேலி உண்டு. தெற்கே வேலி கிடையாது, ஓர் ஆறுதான். மழை பெய்ததும் வரிக்குதிரைகளும் காட்டுமாடுகளும் அதைத் தாண்டி மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்களுக்குப் போய்விடும். வறண்ட மாதங்களில் தண்ணீருக்காகத் திரும்பும். நீங்கள் போவது அப்படியொரு மாதம். யானையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கருப்புக் காண்டாமிருகம் தென்பட நல்ல வாய்ப்பு உண்டு, சிங்கம் உங்கள் அதிர்ஷ்டம்.

அந்தத் தெற்குதான் இப்போது பிரச்சினை. கிடெங்கேலாப் பக்கம் நிலம் மனைமனையாக விற்பனையாகி, வேலிகள் முளைக்கின்றன. வேலி போடாமல் இருப்பதற்காக நிலக்காரர்களுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தும் பார்த்தார்கள். எனக்கு நிலக்காரர்கள் மேல் கோபமில்லை. ராத்திரியில் சிங்கம் வந்து மாட்டை அடித்துப்போனால் நஷ்டம் அவர்களுக்குத்தானே?

அங்கே ரிச்சர்ட் துரேரே என்ற மாசாய்ச் சிறுவன், பட்டியைக் காவல் காப்பது அவன் பொறுப்பு. முதலில் தீ மூட்டினான், அந்த வெளிச்சம் சிங்கத்துக்கே உதவியாகப் போயிற்று. அப்புறம் சோளக்கொல்லைப் பொம்மை. முதல் நாள் சிங்கம் பயந்து போனது, அடுத்த நாள் ‘இது அசையாது’ என்று கண்டுகொண்டது! டார்ச்சோடு சுற்றி நடந்த இரவில்தான் அது கிட்டே வரவில்லை. சரி, நகரும் வெளிச்சத்துக்குத்தான் பயம் என்று புரிந்துகொண்டு, பழைய கார் பேட்டரி, சோலார் தகடு, மோட்டார்சைக்கிள் இண்டிகேட்டர், டார்ச் பல்புகளை இணைத்துப் பட்டியைச் சுற்றி மாற்றி மாற்றி மின்ன விட்டான். அப்போது அவனுக்கு 11 வயது. அவன் வைத்த விளக்குகளைக் கென்யாவின் மற்ற பகுதிகளிலும் பொருத்தினார்கள். வண்டலூரில் இதற்கெல்லாம் தேவை வருமா, சொல்லுங்கள்.

உள்ளே போனால் தூண்கள் மேல் ஒரு ரயில் பாதை பூங்காவையே கடந்து போவதைப் பார்ப்பீர்கள். ஒட்டகச்சிவிங்கி குனியாமல் கீழே போகலாம். இருந்தாலும் எனக்கு அது உறுத்தல்தான்.

வாசல் திறக்கும்போதே, காலை ஆறு மணிக்கே, போய்விடுங்கள். நைரோபி ஊட்டியளவு உயரமில்லை என்றாலும் ஏற்காட்டைவிட மேலே இருக்கிறது, ஆகஸ்ட் காலைக்கு ஸ்வெட்டர் வேண்டும். பிளாஸ்டிக் பை பெட்டியில் ஒன்றுகூட வேண்டாம், 2017 முதல் தடை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே இறங்கியதும் தனிமைப்படுத்திவிடுவார்கள்.