ஆதார் நகலும் கைரேகைப் பூட்டும்

வணக்கம் சார்,

ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். போன மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தோம். லாட்ஜில் நாலு பேருடைய ஆதார் ஜெராக்ஸும் கேட்டார்கள். மகன் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை நீட்டினான். ‘இது செல்லாது, முழு நம்பர் வேணும்’ என்றுவிட்டார் ரிசப்ஷனில் இருந்தவர். பின்னால் ஆட்கள் நிற்கிறார்களே என்று நானே முழு நகலைக் கொடுத்துவிட்டேன். அறைக்குப் போனதும் எனக்கும் அவனுக்கும் சண்டை. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு பென்ஷன் கணக்கு, ஒரு வீடு, அவ்வளவுதான் என் சொத்து. ஒளிப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? இத்தனை இடத்தில் கொடுத்தாகிவிட்ட எண்ணை இனி மறைத்துத்தான் என்ன பயன்? கைரேகையைப் பூட்டிவையுங்கள் என்கிறான். பூட்டிவிட்டு ரேஷன் கடையில் என்ன செய்வது?

முருகேசன், சாத்தூர்

அன்புள்ள முருகேசன் சார்,

கடைசியாகக் கைரேகைப் பூட்டைப் பற்றிக் கேட்டீர்களே, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எண் பல இடங்களுக்குப் போய்விட்டது என்பது உண்மை. அதனாலேயே, எண்ணை மறைப்பதைவிடக் கைரேகையைப் பூட்டுவது அவசரம். ரகசியம் உண்டா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. நீங்கள்தான் என்று சொல்லி வேறொருவர் உங்கள் கணக்கில் கைவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்கு அந்தப் பென்ஷன் கணக்கு ஒன்று போதும்.

ஊர்க் கடைகளில் சின்னக் கருவியில் விரலை வைக்கச் சொல்லிப் பணம் எடுத்துக் கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் அந்த முறைக்குத்தான் ஏஇபிஎஸ் என்று பெயர். வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் மூன்றும் இருந்தால் போதும். ஏடிஎம் கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபியும் வராது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். வங்கியை ஊகித்துவிடலாம், எண் ஜெராக்ஸில் இருக்கிறது. மிச்சம் விரல். கிரயப் பத்திரத்தில் வைத்த ரேகையிலிருந்து அதையும் செய்துவிடுகிறார்கள். 2018இல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்கும் ஒருவர், பத்திரப்பதிவு இணையதளத்திலிருந்து இறக்கிய ஆவணங்களின் ரேகைகளை ரப்பரில் அச்செடுத்து, முன்பின் தெரியாதவர்கள் பெயரில் சிம்களை ஆக்டிவேட் செய்து பிடிபட்டார். விற்பனை டார்கெட்டை எட்டுவதற்காக! 2023இல் கொல்கத்தாவில் இதே வழியில் வங்கிக் கணக்குகளிலிருந்தே பணம் போனதாக வழக்குகள் பதிவாயின. அந்த ஆண்டு ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. திருட்டு கடினமாகியிருக்கிறது, அவ்வளவுதான். பூட்டு உங்கள் கையில் இருக்கும்போது அந்தச் சோதனையை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் ‘லாக் / அன்லாக் பயோமெட்ரிக்ஸ்’ என்று இருக்கும். அதைத்தான் அழுத்த வேண்டும். ‘லாக் / அன்லாக் ஆதார்’ என்று இன்னொன்று இருக்கிறது, பலர் குழம்புவது இங்கேதான். அது எண்ணையே பூட்டிவிடும். பிறகு எதற்கும் ஆதார் எண்ணுக்குப் பதிலாக விஐடி என்ற 16 இலக்க மாற்று எண்ணைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது வேண்டாத வேலை. பயோமெட்ரிக்ஸைப் பூட்டினால் விரல், கருவிழி, முகம் மூன்றும் பூட்டிக்கொள்ளும். ஓடிபி வழி திறந்தே இருக்கும், ஆகவே தினசரி வேலை எதுவும் நிற்காது.

ரேஷனுக்கு வருவோம். குடும்ப அட்டையில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் விரல் வைக்கலாம். கடைக்கு வழக்கமாகப் போகிறவர் ஒருவரை மட்டும் பூட்டாமல் விட்டுவிடுங்கள், அவருக்கு வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் இன்னும் நல்லது. நீங்களேதான் போக வேண்டும் என்றால் தற்காலிகமாகத் திறக்கலாம். 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே திறந்துவிட்டு வரிசையில் நின்றால் உங்கள் முறை வருவதற்குள் நேரம் போய்விடும். முன்னால் ஒருவர் இருக்கும்போது திறந்தால் சரியாக இருக்கும். பூட்டிய விரலை வைத்தால் கருவி 330 என்ற பிழை எண்ணைக் காட்டும். விற்பனையாளருக்கு அது தெரியாமல் ‘ரேகை விழல, கையத் தொடச்சிட்டு வைங்க’ என்பார். எத்தனை தடவை துடைத்தாலும் விழாது. பென்ஷனுக்கான வருடாந்திர நேர்காணலுக்கு ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுக்கும்போதும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஆதாரில் உள்ள செல்பேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணை கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் ஓடிபி அவருக்குப் போகும். இதை மட்டும் வீட்டிலிருந்து மாற்றப் பார்க்காமல் நேரே ஆதார் மையத்துக்குப் போய்விடுங்கள்.

இனி லாட்ஜ். மகன் நீட்டியது செல்லும். ஆதார் ஆணையமே தருகிற வடிவம் அது. ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27 அன்று, நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், எண் மறைத்ததைக் கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ரிசப்ஷன்காரரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிசெய்த, ஆதார் சட்டத்தின் 57ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்ததெல்லாம் இரவு பத்து மணிக்கு லாட்ஜ் கவுண்டரில் எடுபடாது. ஓட்டுநர் உரிமத்தையோ வாக்காளர் அட்டையையோ கொடுத்துவிடுங்கள். அதிலும் முகவரி போகும், ஆனால் அந்த எண்ணை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது.

இத்தனைக்கும் ஜெராக்ஸ் எதையும் சரிபார்ப்பதில்லை. அட்டையில் உள்ள க்யூஆர் கோடில் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, உரிய செயலியில் ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று அங்கேயே தெரிந்துவிடும். அதைச் செய்கிற லாட்ஜைக் காண்பது அபூர்வம். நகலை வாங்கி ஃபைலில் போட்டால் வேலை முடிந்தது.

எண் மறைத்த ஆதாரைத் தரவிறக்கும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். பிடிஎஃப் திறக்க, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதையொட்டிப் பிறந்த ஆண்டு. நம் ஊரில் இது திறக்காமல் போவதற்குக் காரணம் இனிஷியல். பெயருக்கு முன்னால் இருந்தால் இனிஷியலும் அதன் புள்ளியும் அந்த நான்கில் சேரும்.

பழைய அட்டையில் பேனாவால் எண்ணை அடித்துவிட்டு நகல் எடுக்கிறவர்கள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முந்தைய அட்டைகளின் க்யூஆர் கோடில் முழு எண்ணும் அப்படியே எழுதியிருக்கும். செல்பேசி கேமராவில் ஒருமுறை காட்டிப் பாருங்கள். பெயரும் எண்ணும் படிக்கும்படி வந்தால் அது பழையது. வெறும் இலக்கங்கள் நீளமாக வந்தால் புதியது, அதில் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே உள்ளே இருக்கும்.

ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரின்ட் எடுக்கும் வழக்கம் வேறு. நீங்கள் ‘டிலீட் ஃபார் எவ்ரிஒன்’ அழுத்தினாலும், அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கிய ஃபைல் இறங்கியதுதான். கூடவே பாஸ்வேர்டையும் டைப் செய்து அனுப்புகிறோம். எண் மறைத்ததையே அனுப்பி, பத்துப் பிரதி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது எதற்காக, எந்தத் தேதி என்று கறுப்புப் பேனாவால் படத்தின் மேல் படும்படி எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு நகல் எடுக்கலாம், வெளிர்நீல மை மறுநகலில் மங்கிவிடும்.

திருச்செந்தூரில் கொடுத்தது கொடுத்ததுதான். மைஆதார் தளத்தில் ‘ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி’யைத் திறந்தால் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை யார், விரலாலா ஓடிபியாலா, எப்போது சரிபார்த்தார்கள் என்று வரும். நீங்கள் வைக்காத விரல் ஏதாவது அதில் இருந்தால் உடனே பயோமெட்ரிக்ஸைப் பூட்டிவிட்டு வங்கிக்குப் போங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் போன பணத்துக்கு, வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நீங்கள் பொறுப்பல்ல என்பது 2017இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. அந்தத் தகவல் வர வேண்டுமே, பென்ஷன் கணக்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.